நாலு படம் போதும்: சொல்லுக்கும் வாசிப்புக்கும் படக் கொலாஜ்

ஓர் ஆசிரியர் கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம் இது. ஏற்காடு மலையில் ஒரு தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் 22 பிள்ளைகள். ஆசிரியர் கையில் ஒரு செல்போன், பள்ளியில் ஒரு லேப்டாப். கலர் பிரிண்ட் வேண்டுமென்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும். போனில் எடுத்த படங்களைக் கொலாஜாக்கி, அதாவது பல படங்களை ஒரே தாளில் அடுக்கி, சொற்களும் வாசிப்பும் நடத்த வேண்டும்: எத்தனை படம், எந்த ஆப், என்ன அளவு, மாதத்துக்கு எத்தனை கொலாஜ்? கடைசியாக ஒரு வருத்தம்: "சார்ட் ஒட்டினால் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள், எழுத்தைப் பார்ப்பதே இல்லை."

அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. ஆப் சின்ன விஷயம், பிறகு வருகிறேன்.

கொலாஜ் என்றதும் பலர் செய்வது, பன்னிரண்டு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பழம் வைத்து, அடியில் பெயர் எழுதுவது. கடையில் கிடைக்கும் பழச் சார்ட்டை மெனக்கெட்டு மறுபடி தயாரிப்பதற்கு அது சமம். ஒரே இனத்துச் சொற்களை ஒன்றாகக் கொடுத்தால் கற்பது தாமதமாகிறது, ஒன்றோடு ஒன்று குழம்புகிறது என்பதை 1993-இல் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். 1997-இல் வேரிங் என்ற இன்னோர் ஆய்வாளர் ஜப்பானிய மாணவர்களிடம் அதையே செய்து பார்த்தார், விளைவு மாறவில்லை. இவை புதிய மொழிச் சொற்களைப் பற்றிய சோதனைகள், ஆகவே ஆங்கில வகுப்புக்கு நேராகப் பொருந்தும். தமிழ் வகுப்பில் கேடு வேறு விதம். கொய்யா, பலா, ஆரஞ்சு என்ற பெயர்கள் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் "இது கொய்யா, இது பலா" என்பதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வாக்கியம் பிறக்க வழியில்லை.

ஆகவே ஓர் இடம், அங்கே நடக்கும் ஒரு வேலை, அதில் புழங்கும் பொருட்கள். இதுதான் ஒரு கொலாஜுக்கான சரக்கு. ஏற்காட்டில் காப்பி காயும் களம், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், ஏரிக்கரைப் படகு, சேலத்திலிருந்து ஏறி வரும் பேருந்து. சேலம் பக்கத்துப் பள்ளி என்றால் கைத்தறிக் குழி, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி காயும் தரை, செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெரு. இவற்றில் எதை எடுத்தாலும் பெயர்ச்சொல், வினைச்சொல், நிறம், இடம் எல்லாம் தானாக ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

படம் நான்கு போதும்: ஒன்று பெரிது, மூன்று சிறிது. பெரியது முழுக் காட்சி. சிறியவை மூன்றும் அதே காட்சியின் துண்டுகள், கிட்டத்தில் பார்த்தவை. பிள்ளை சின்னப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய படத்தில் "இது எங்கே இருக்கிறது?" என்று தேடும். அந்தத் தேடலில்தான் வாய் திறக்கிறது. ஆறுக்கு மேல் போனால் கண் எதிலும் நிற்காது, பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பார்த்துப் பதில் சொல்லும்.

அளவைக் கணக்காகச் சொல்லிவிடுகிறேன். ஏ3 தாள், படுக்கை வாட்டம்: 420 × 297 மி.மீ. நான்கு பக்கமும் 10 மி.மீ. விட்டால் உள்ளே 400 × 277. செல்போன் படம் பொதுவாக 4:3 விகிதம். இடப்பக்கம் மேலே பெரிய படம் 276 × 207. வலப்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சிறிய படங்கள், ஒவ்வொன்றும் 116 × 87. இடைவெளி எங்கும் 8 மி.மீ. பெரிய படத்தின் அடியில் 276 × 62 அளவில் ஒரு வெள்ளைப் பட்டை மிஞ்சும். அதுதான் வாக்கியத்துக்கான இடம், அதில் எதையும் அச்சடிக்காதீர்கள். 54 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் இரண்டு வரி அங்கே அடங்கும், வரிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து எழுத்து. வாக்கியத்தைத் தனிச் சீட்டில் எழுதி அங்கே மாட்டி மாட்டிக் கழற்ற வேண்டும்.

படத்தின் மேல் சொல்லையும் அச்சடிக்கக் கூடாது. சொல்லெல்லாம் தனி அட்டை. காரணம் கீழே வருகிறது.

இந்த ஏ3 தாள் ஐந்தாறு பேர் சுற்றி உட்காரும் குழுவுக்கானது. அறையின் பின்வரிசையிலிருந்து பார்த்தால் 87 மி.மீ. படத்தில் ஒன்றும் தெரியாது. மொத்த வகுப்புக்கும் காட்ட வேண்டுமென்றால், ஸ்மார்ட் போர்டோ டிவியோ இருந்தால் அதே கோப்பை அதில் போடுங்கள். தாளைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடிக்கும் யோசனை அடிக்கடி வரும். ஃபிளெக்ஸ் பளபளக்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி வகுப்புக்கு வெள்ளைத் திட்டுதான் தெரியும்.

படம் எடுப்பதில் கவனிக்க வேண்டியவை. போனைப் படுக்கை வாட்டமாகவே பிடியுங்கள். நாலில் ஒன்று நின்ற வாட்டமானால் மேலே சொன்ன கணக்கு உடையும். 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 பிக்சல். 276 மி.மீ. படத்துக்கு 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) சுமார் 2170 பிக்சல் வேண்டும், தாராளம். சிறிய படத்துக்குச் சுமார் 915 போதும். அதாவது ஒரே படத்தின் கால்வாசி அகலத்தை வெட்டி எடுத்தாலும் சிறிய கட்டம் தெளிவாக நிற்கும். தனியாகக் கிட்டத்தில் போய் எடுக்க முடியாத இடங்களில் இது கைகொடுக்கும். ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி லேப்டாப்பில் இறக்கினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதில் கால்வாசி வெட்டினால் 400. அச்சில் கூடை எது, மூட்டை எது என்று தெரியாமல் குழையும். 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள்.

மலையில் நடுப்பகல் வெயில் படத்துக்கு ஆகாது. நிழல் மரங்களின் ஊடே விழும் வெளிச்சம் செடியின் மேல் புள்ளி புள்ளியாக வெள்ளை அடித்துவிடும். லேசான மூட்டம் இருக்கும் காலை நேரம் நல்லது, நிழலே விழாது. கொலுசு, பாத்திரம் போன்ற மினுங்கும் பொருளைக் கருப்புத் துணி மேல் வைத்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் கொலுசின் சலங்கை வெறும் ஒளிப்பொட்டாகிவிடும்.

அளவுக் குழப்பம் இன்னொன்று. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் மிளகும் பலாப்பழமும் தாளில் ஒரே பருமனாகத் தெரியும். பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் கவலையில்லை, பார்க்காத பிள்ளை அப்படியே நம்பும். மிளகை உள்ளங்கையில் வைத்து எடுங்கள். பலாவின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

சிவப்பும் பச்சையும் பற்றி ஓர் எச்சரிக்கை. செடியில் பழுத்த காப்பி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். அதைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்புப் பழமும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிக் கலந்துவிடும். ஒளியளவில் இரண்டும் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஆண் பிள்ளைகளில் சிலருக்கு இந்த இரு நிறங்களும் பிரிந்தே தெரியாது. பழத்தை வெள்ளைத் துணியிலோ சாக்கிலோ கொட்டி எடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

இணையத்தில் தேடி எடுக்கலாமா என்றால், வேறு வழியில்லாதபோது மட்டும். 'காப்பித் தோட்டம்' என்று தேடினால் வருவதில் பல, வெட்டவெளியில் வரிசை வரிசையாக நிற்கும் வெளிநாட்டுத் தோட்டங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வேறு மரங்களின் நிழலில் வளர்வது, மேலே சில்வர் ஓக், அதில் மிளகு. அந்த வெளிநாட்டுப் படத்தைக் காட்டினால் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளையே "இது என்ன செடி டீச்சர்?" என்று கேட்கும். வகுப்பில் பாடம் நடத்தும் தேவைக்குப் படத்தைப் பிரதி எடுக்க 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடம் கொடுக்கிறது. அந்தக் கொலாஜை நாலு வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது அந்தச் சலுகைக்குள் அடங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எந்தச் சொல்லுக்கு எத்தனை படம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பெயர்ச்சொல்லுக்கு ஒரு படம் போதும். வினைக்கு ஒன்று போதாது. ஒரு பெண் காப்பிப் பழம் பறிக்கும் படத்தின் பக்கத்தில் 'பறி' என்று அட்டை வைத்தால், அது செடியா, பழமா, கையா, அந்த அம்மாவா என்று பிள்ளைக்குத் தெரியாது. காப்பி பறிக்கும் படம் ஒன்று, பூப் பறிக்கும் படம் ஒன்று என இரண்டு வைத்தால் இரண்டிலும் பொதுவாக இருப்பது எது என்று பிள்ளையே பிடித்துக்கொள்ளும். பண்புச் சொல்லுக்கு எதிர் ஜோடி வேண்டும்: பச்சைக் காய், சிவந்த பழம், ஈரச் சாக்கு, காய்ந்த சாக்கு. பொறுமை, நேர்மை போன்ற சொற்களைப் படத்தில் பிடிக்க முயலாதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் பிள்ளைப் படம் ஒன்று கிடைக்கும், அதற்கு 'சிரிப்பு' என்றுதான் பெயர்.

சரி, மென்பொருள். லேப்டாப்பில் பவர்பாயின்ட், லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் இவற்றில் எது இருந்தாலும் போதும். பக்க அளவை 42 × 29.7 செ.மீ. என்று முதலிலேயே மாற்றிவிட்டு, படங்களை வைத்து, மேலே சொன்ன அளவுகளை எண்ணாகவே கொடுங்கள், கையால் இழுத்துப் பொருத்த வேண்டாம். கேன்வா தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். போனில் இருக்கும் கூகுள் போட்டோஸ் 2 முதல் 6 படம் வரை அதுவாகவே கோத்துக் கொடுக்கும், ஆனால் கட்ட அளவு உங்கள் கையில் இருக்காது. அவசரத்துக்கு உதவும்.

பவர்பாயின்ட்டில் ஒரு கண்ணி. பக்கத்தை ஜேபிஜியாகச் சேமித்தால் அது பொதுவாக 96 டிபிஐயில்தான் வரும், அதாவது 42 செ.மீ. அகலத்துக்கு 1600 பிக்சல்கூட இல்லை. பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பிரிண்ட் கடைக்கு பிபிடி கோப்பை எடுத்துப் போகவே கூடாது, அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது, எழுத்து சிதறும்.

சொல் அட்டை அடிக்கும்போது தமிழ் எழுத்தே பெரிய தலைவலி. பல போட்டோ ஆப்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு, ககரம், கால் மூன்றும் தனித்தனியாக விழும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். புதிய ஆப் எதையும் நம்புவதற்கு முன் 'கொய்யாவை' என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், 'வை' சரியாக, மெய்யின் தலையில் புள்ளி இருந்தால் தேறும். எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், நிர்மலா மூன்றும் படிக்கும் வயதுக்கு ஏற்றவை. வளைத்து நெளித்த அலங்கார எழுத்து வேண்டாம். ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாத எழுத்துருவும் வேண்டாம், 'பார்' என்பதைப் பிள்ளை எப்படிப் பிரித்துப் படிக்கும்? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், யூனிகோடிலேயே இருங்கள். அட்டை 20 × 7 செ.மீ., எழுத்து 100 புள்ளிக்குக் குறையாமல். 'காப்பிப்பழம்' போன்ற நீளச் சொல்லுக்கு மட்டும் 80. வெள்ளையில் கருப்பு. எல்லா அட்டையும் ஒரே நிறம். பழத்துக்குச் சிவப்பு அட்டை, இலைக்குப் பச்சை அட்டை என்று அழகு பார்த்தால் பிள்ளை நிறத்தைப் படிக்கும், எழுத்தைப் படிக்காது.

அச்சுக்குச் சேலத்தில் டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் 12 × 18 அங்குலம் அல்லது 13 × 19 அங்குலத் தாளில் எடுத்துக் கொடுப்பார்கள், ஏ3 அதில் தாராளமாக அடங்கும். 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லுங்கள். பளபளப்பான போட்டோ தாளைத் தவிர்த்து மேட் லேமினேஷன் கேளுங்கள். இங்க்ஜெட் பிரிண்டை லேமினேட் செய்யாமல் மலையில் மாட்டினால் ஐப்பசி ஈரத்தில் நிறம் கசியும்.

லேமினேஷனில் எல்லாரும் செய்யும் பிழை: பெரிய தாளை லேமினேட் செய்துவிட்டு அதை அட்டைகளாக வெட்டுவது. வெட்டிய விளிம்பில் காகிதம் வெளியே தெரியும், பனி அந்த வழியாக உள்ளே போய் இரண்டு வாரத்தில் ஓரம் பிரியும். முதலில் காகிதத்தை அட்டைகளாக வெட்டி, உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 5 மி.மீ. பிளாஸ்டிக் விளிம்பு மிஞ்சும்படி வெட்டுங்கள். 125 மைக்ரான் உறை போதுமானது. சுண்ணாம்புச் சுவரில் டேப் நிற்காது, ஒரு கயிறும் துணிக் கிளிப்பும் போதும். அட்டைகளை மாற்றி மாற்றி மாட்டவும் அதுதான் வசதி.

இனி வகுப்பு. எடுத்துக்காட்டுக்குக் 'காப்பிக் களம்' கொலாஜ் என்று வைத்துக்கொள்வோம். பெரிய படத்தில் களம், பரப்பிய பழம், கிளறி விடும் ஓர் அம்மா, ஓரத்தில் கூடையும் மூட்டையும், பின்னால் மலை மேல் மேகம். சிறிய படங்கள்: உள்ளங்கையில் பழம், கிளறும் கை, அடுக்கிய மூட்டை. களம் என்ற சொல் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, தமிழக அரசின் தொடக்க வகுப்புத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பறையிலேயே படிக்கும் களம், பாடல் களம் என்று மூலைக்கு மூலை எழுதி வைத்திருப்போம். காப்பி காயும் களத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குப் பிடிபடும்.

முதல் நாள் அட்டையே வேண்டாம். படத்தைக் காட்டி, "என்னென்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள், அவர்கள் சொன்ன வடிவிலேயே. இது கல்வியாளர் எமிலி கல்ஹூன் 1990-களில் வகுத்த பட-சொல் முறையின் ஒரு படி, படத்திலிருந்து சொல்லை உலுக்கி உதிர்ப்பது. நெல்லிக்காய் மரத்தை உலுக்குவது போல என்று பிள்ளைகளிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மலையாளி சமூகத்துப் பிள்ளைகள் இருந்தால் (பெயர்தான் மலையாளி, பேச்சு தமிழ்) வீட்டில் புழங்கும் சொல் பாடநூல் சொல்லிலிருந்து விலகி வரும். அதைத் திருத்த வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள். அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள், பாடநூலில் மரவள்ளிக்கிழங்கு. இரண்டும் ஒரே படத்தின் இரண்டு பெயர் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாடநூல் தன் வீட்டுக்குள் வந்த மாதிரி.

உதிர்ந்ததில் இருபது சொல் இருக்கலாம். அன்று மாலை அதில் எட்டைத் தேர்ந்து அட்டை எழுதுங்கள்: களம், கூடை, மூட்டை, பழம், கை, மேகம், கிளறு, காய். முதலிலேயே அச்சடித்து வைக்காமல் மாலையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவதே நல்லது, பிள்ளை சொன்ன சொல் மறுநாள் அட்டையாக வருவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. எட்டும் எல்லாருக்கும் அல்ல. 'எண்ணும் எழுத்தும்' பிரிக்கும் மூன்று நிலைகளில், தொடக்கமான அரும்பு நிலைப் பிள்ளைக்கு நாலு, அடுத்த மொட்டுக்கு ஆறு முதல் எட்டு, அதற்கு மேலான மலர் நிலைக்கு எட்டோடு வாக்கியமும். ஒரே அறை, ஒரே படம், மூன்று வேலை. மூன்று வகுப்பு சேர்ந்திருக்கும் பள்ளிக்குக் கொலாஜ் ஏற்றது இதனால்தான்.

இரண்டாம் நாள் அட்டையைப் படத்தோடு சேர்ப்பது. இங்கேதான் நீங்கள் சொன்ன கோளாறு தொடங்கும். படமும் சொல்லும் ஒட்டியே இருந்தால் கண் படத்துக்குத்தான் போகும். படம் பதிலைச் சொல்லிவிடுவதால் எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எழாது. சாமுவேல்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1967-இல் இதை ஆராய்ந்தார்: படம் இல்லாமல் சொல்லை மட்டும் பார்த்துப் படித்த குழந்தைகள், படத்தோடு படித்தவர்களைவிடச் சொல்லை நன்றாக அடையாளம் கண்டார்கள். படம் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். படம் பேச்சை எழுப்பட்டும், சொல்லைப் படிக்கும் நொடியில் விலகட்டும். கொலாஜில் சொல்லை அச்சடிக்கக் கூடாது என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

நடைமுறையில் இப்படி: கொலாஜ் சுவரில், பிள்ளைகள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை அட்டையை எடுத்து, படித்து, பிறகு எழுந்து திரும்பிப் போய்ப் படத்தில் வைக்க வேண்டும். படிப்பு முதலில், படம் பிறகு. படம் விடை சரிபார்க்கும் இடமாகிவிடுகிறது. தவறாக வைத்தால் "சரியில்லை" என்று சொல்லாதீர்கள், "அட்டையில் முதல் எழுத்து என்ன?" என்று கேளுங்கள். 'கூடை'யும் 'கை'யும் மாறுகிறவர்கள் முதல் எழுத்தின் ககரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடியவர்கள்.

மூன்றாம் நாள் அட்டைகளைப் பிரித்து அடுக்குவது. கூடை, மூட்டை இரண்டும் 'டை'யில் முடிகின்றன. களம், பழம், மேகம் மூன்றும் மகர மெய்யில் முடிகின்றன. பிரிக்கும் விதியை நீங்கள் சொல்லாமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். சிலர் 'கையில் எடுக்கலாம், எடுக்க முடியாது' என்று பிரிப்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் எழுத்தை வைத்துப் பிரிப்பது ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

'காய்' அட்டையை இந்த நாளுக்காகத்தான் வைத்திருக்கிறோம். மரத்தில் இருப்பது காய், வெயிலில் நடப்பதும் காய்தல். "காய் பழுக்கிறது" எல்லாருக்கும் தெரியும். களத்தில் "பழம் காய்கிறது" என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் மறுப்பார்கள். கொலாஜைக் காட்டி "பழம் என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். ஒரே அட்டை இரண்டு இடத்தில் பொருந்துவதைக் கண்ணால் பார்க்கும் இந்த நிமிடம் பத்துப் பயிற்சித்தாளுக்குச் சமம்.

நான்காம் நாள் வாக்கியம். பெரிய படத்தின் அடியில் விட்ட வெள்ளைப் பட்டைக்கு வேலை வருகிறது. 'களத்தில் / பழம் / காய்கிறது' என்று மூன்று சீட்டு. கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். 'களம்' தெரிந்த பிள்ளை 'களத்தில்' என்பதில் தடுமாறும், மகரம் போய் 'த்து' வந்துவிட்டது அல்லவா? பழம், பழத்தை; மேகம், மேகத்தில் என்று அதே மாற்றத்தை மூன்று சொல்லில் காட்டினால் விதி சொல்லாமலே பிடித்துக்கொள்வார்கள். தமிழில் வாசிப்பு தடைப்படும் இடம் பெரும்பாலும் புதிய சொல் அல்ல, தெரிந்த சொல்லே வேற்றுமை ஏற்று உருமாறி வரும் இடம். சார்ட்டுகள் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் சார்ட்டில் எல்லாச் சொல்லும் எழுவாய் வடிவிலேயே நிற்கும்.

ஐந்தாம் நாள் கொலாஜை ஒரு துணியால் மூடிவிட்டு, இதைப் படிக்கக் கொடுங்கள்:

களத்தில் பழம் காய்கிறது. அம்மா கிளறுகிறார். மலை மேல் கருமேகம். கூடை எங்கே? மூட்டை எங்கே? ஓடு, ஓடு!

படித்த பிறகு ஒரே கேள்வி: "எதற்காகக் கூடையைத் தேடுகிறார்கள்?" பத்தியில் மழை என்ற சொல்லே இல்லை. விடை சொன்ன பிள்ளை எழுத்துக் கூட்டுவதைத் தாண்டிவிட்டது. சொல்லாத பிள்ளைக்குத் துணியை விலக்கி மேகத்தை மட்டும் காட்டுங்கள். துணிக்குப் பதில் ஸ்மார்ட் போர்டில் ஒரு சாம்பல் கட்டத்தைப் படத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்தலாம். துணி மலிவு, கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

அந்த எட்டு அட்டையை ஒரு வாரம் கழித்து ஒரு முறை, மூன்றாம் வாரம் ஒரு முறை படம் இல்லாமல் காட்டிப் பாருங்கள். ஐந்தாம் நாள் எட்டும் படித்தவர் மூன்றாம் வாரம் ஐந்துதான் படிக்கிறார் என்றால் அது இயல்பு. விட்டுப்போன மூன்றை மட்டும் அடுத்த கொலாஜின் வாக்கியங்களில் நுழையுங்கள்.

மலை, மழை. இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஜோடியை விடக் கூடாது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் எது லை, எது ழை என்று மாதக்கணக்கில் ஆடும். 'மலை' கொலாஜ் முதலில், அது ஊறிய பிறகு, இரண்டு வாரம் கழித்து 'மழை'. பிறகு இரண்டு படத்தையும் ஒரே தாளில் போட்டு "மலையில் மழை" என்று வாசிக்க வையுங்கள். கரை, கறை, மனம், மணம் இவற்றுக்கும் இதே இடைவெளி. மனத்தைப் படமெடுக்க முடியாது என்பதால் கடைசி ஜோடியைக் கொலாஜில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

வரிசைமுறை வாசிப்புக்கு நாலு படமும் ஒரே அளவில், கலைத்து வைத்த கொலாஜ் வேண்டும். சேலம் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட்டைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை: தட்டில் சின்னத் தட்டுவடை; மேலே சட்னி; அதன் மேல் கேரட், பீட்ரூட் துருவல்; மூடியாக இன்னொரு தட்டுவடை. முதலில், அடுத்து, பிறகு, கடைசியாக என்று நாலு அட்டை. வாக்கியச் சீட்டை மட்டும் படித்துப் படத்தை வரிசைப்படுத்த வேண்டும். முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுபோலவே தெரியும்படி எடுத்துவிடாதீர்கள். பக்கவாட்டில் எடுத்தால் நடுவில் துருவல் எட்டிப் பார்க்கும், மேலிருந்து எடுத்தால் இரண்டும் வெறும் தட்டுவடைதான். அன்றைய வகுப்பை இடைவேளைக்கு முன்னால் வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை.

பலகை வாசிப்பும் செய்யலாம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகை, பேருந்தின் ஊர்ப் பலகை, கடைப் பெயர்கள். பிள்ளைகள் சரளமாகப் படிப்பது போலத் தோன்றும். நம்பாதீர்கள். நிறத்தையும் இடத்தையும் வைத்துச் சொல்வார்கள். 'ஏற்காடு' என்பதையே கருப்பு வெள்ளை அட்டையில் எழுதிக் காட்டினால் உண்மை தெரியும்.

ஆங்கில வகுப்புக்கும் அதே கொலாஜைப் பயன்படுத்துங்கள், புதிதாகச் செய்ய வேண்டாம். காட்சி பழகியது, கவனம் முழுக்கச் சொல்லுக்குப் போகும். ஒரே அட்டையின் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் எழுதாதீர்கள், தெரிந்ததைப் படித்துவிட்டுத் தெரியாததை விட்டுவிடுவார்கள். ஆங்கிலம் முன்னால், தமிழ் பின்னால், படித்த பிறகு திருப்பிப் பார்க்க. ஒரு கொலாஜுக்கு ஐந்து ஆங்கிலச் சொல் போதும்.

படத்தில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். தோட்டத் தொழிலாளி முகம் பெரும்பாலும் தேவையே இல்லை, கை போதும். பிள்ளைகள் முகம் வந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்தப் படங்களைச் சுவரோடு நிறுத்துங்கள், ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுப்பது இன்னும் நல்லது.

மாதத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு. ஒரு வாரம் கொலாஜ், ஒரு வாரம் இடைவெளி. ஆண்டுக் கணக்கில் பருவத்தைப் பார்த்து எடுத்து வையுங்கள்: காப்பிப் பூ கோடை மழைக்குப் பிறகு சில நாள்தான் இருக்கும், பழம் பறிப்பதும் களமும் கார்த்திகை முதல் தை வரை, மாம்பழம் சித்திரை, வைகாசியில். பள்ளி விடுமுறையில் பூக்கும் பொருளை அப்போதே படமெடுத்து வைக்காவிட்டால் பாடம் வரும்போது படம் இருக்காது. கோப்புக்கு 'களம்_2024_மார்கழி' என்பது போலப் பெயர் கொடுத்து, கொலாஜை மட்டுமல்ல, வெட்டாத மூலப் படங்களையும் ஒரு பென் டிரைவில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு அதே பெரிய படத்திலிருந்து வேறு மூன்று துண்டுகளை வெட்டினால் புதிய கொலாஜ் ஒன்று தயார்.